வீடு பார்க்க வந்தவர்

பதுளையிலிருந்து கோப்பிக்கொட்டை மூட்டை சுமந்த மாடுகளோடு நடந்து வந்த களைப்பு. கம்பளைக் கடைத்தெருவில் இருந்த அந்த வீட்டுப் படியிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார்.

"வீடு பார்க்க வந்தேன், தம்பி."

உள்ளே சட்டை தைத்துக்கொண்டிருந்த உதுமான் லெப்பை தலை நிமிர்ந்து, வயதில் மூத்தவரென்று "நானா" போட்டே பேசினார். "முன்னறையில நான் குடியிருக்கேன், நானா. பின்னறை பூட்டிக் கிடக்கு. சாவி யாருகிட்டன்னே தெரியல. கூரையும் ஒழுகும், சொல்லிட்டேன்."

வந்தவர் அண்ணாந்து பார்த்தார். ஓடு போன இடமெல்லாம் பின்னிய தென்னோலைக் கிடுகு செருகியிருந்தது.

"வீட்டுக்காரர்கிட்டச் சொல்லலியா?"

"அவரு மௌத்தாகி ரெண்டு வருஷமாச்சு. அவரு மச்சினன் சேகு தாவூதுதான் வாடகை வாங்குறாரு. ஓட்டைப் பத்திக் கேட்டா, சொத்து இன்னும் பிரிபடல, யாரு செலவழிக்கிறதுங்கிறாரு."

"மௌத்தானது நிச்சயமா?"

"என்ன நானா இப்படிக் கேக்குறீங்க. பதுளைப் பாதையில காய்ச்சல் கண்டு போயிட்டாராம். சேகு தாவூது நாப்பதாம் நாள் கத்தம் ஓதி, தெருவுக்கே சோறு போட்டாரு. நானும் தின்னேன்."

வந்தவர் மெல்ல எழுந்தார். மடியிலிருந்து துருப்பிடித்த சாவி ஒன்றை எடுத்துப் பின்னறைப் பூட்டில் போட்டுத் திருப்பினார். கதவு திறந்துகொண்டது.

உதுமான் லெப்பையின் ஊசி பாதித் தையலில் நின்றது.

"சொந்தமாச்சே, எழுத்து எதுக்குன்னு என் வீட்ட மச்சினன்கிட்ட வாய்ப்பேச்சா விட்டுட்டுப் போனேன்" என்றார் அவர். "போகட்டும். அந்தச் சோறாவது எல்லாருக்கும் போதுமா இருந்துச்சா, தம்பி?"