வெயில் கல்லில் பாதி இடம்

ஆஸ்டின் டவுன் வீட்டின் பின்கட்டில், சிமெண்ட் தொட்டித் தண்ணீரில் விழுந்த காலை வெயில் சுவரெல்லாம் நெளிகிறது. சற்று முன்தான் வாசலில் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்த புது மருமகள் பார்கவி, மாலையைக்கூடக் கழற்றாமல் தொட்டியருகே குத்தவைத்து, மூடியில் ஆணியால் துளைபோட்ட டிபன் பாக்ஸைத் திறக்கிறாள். உள்ளே ஈரத்துணியில் உள்ளங்கையளவு ஆமை. "அய்யய்யோ, இதையுமா கூட்டிட்டு வந்தே?" மாமியார் சந்திரம்மா இடுப்பில் கைவைக்கிறாள். "எங்க துரை எட்டு வருஷமா இந்தத் தொட்டியில தனிக்காட்டு ராஜா. கடிச்சு வெச்சா என்னைக் கேக்காதே." பார்கவி குட்டியை மெல்லத் தண்ணீரில் விடுகிறாள். சாப்பாட்டுத் தட்டளவு பெரிய ஆமையான துரை கழுத்தை நீட்டிக்கொண்டு வருகிறது. எதிர்வீட்டு டேப் ரெக்கார்டரில் கன்னடப் பாட்டு முடிந்து கேசட் மட்டும் சுற்றுகிறது. மூக்கும் மூக்கும் தொடுகின்றன. பிறகு துரை, தொட்டியில் தான் வெயில் காயும் கல்லில் ஏறி, சற்று நகர்ந்து, பாதி இடம் விடுகிறது. குட்டியும் தொற்றி ஏறிக் கண்ணை மூடுகிறது. பார்கவி அடக்கியிருந்த மூச்செல்லாம் சிரிப்பாக வெடிக்கிறது. சந்திரம்மா உள்ளே ஓடி, மறுபடி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டோடு வந்து தொட்டிக்கு மேல் மூன்று முறை சுற்றுகிறாள். "வலது காலைத்தானே முதல்ல வெச்சுது?" "நாலையும் சேர்த்து வெச்சுது அத்தை!"