எடைச்சீட்டின் குறுக்கே ஒரு வரி

2005 மே மாத வெயிலில் மரக்காணம் உப்பளத்து எடைமேடைக் கொட்டகையின் தகரக்கூரை படபடக்கிறது. வெளியே உப்பு லாரி மேடையில் நிற்கிறது. உள்ளே பிரிண்டர் கிறீச்சிட்டபடி எடைச்சீட்டைத் தள்ளுகிறது. உப்பளக்காரர் தனகோடிக்காக இந்த பில்லிங் சாஃப்ட்வேரைச் சேர்ந்து எழுதும் தோழிகள் அம்சவள்ளியும் இலக்கியாவும் காகிதத்தையே பார்க்கிறார்கள். அச்சடிக்கும் பகுதியை அம்சவள்ளி இரண்டு மாதமாகச் சொந்தமாக எழுதுகிறாள். தமிழெழுத்து இன்னும் உடைந்தே விழுகிறது. அதனால் இன்று இலக்கியா, தமிழை அச்சடித்துத் தரும், விலைக்கு விற்கும் ஒரு டூலின் இலவச ட்ரையலைப் போட்டு ஓட்டுகிறாள். தனகோடி சீட்டைக் கிழித்து வாசல் வெளிச்சத்தில் பிடிக்கிறார். அவர் பெயரும் எடையும் தெளிவான தமிழில் இருக்க, அதன்மேல் குறுக்காகப் பெரிய ஆங்கில எழுத்துகள்.

“என்னாம்மா இது, குறுக்கால?”

“ட்ரையல்னு போட்டிருக்குதுங்க. பணம் கட்டி வாங்கிட்டா வராது,” என்கிறாள் இலக்கியா.

“இதோட குடுத்தா உப்பு வாங்கறவன் போலிச் சீட்டும்பான். எடுத்துடுங்க, இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

“ஒரு வாரம் டைம் குடுங்க, நான் எழுதனதையே சரி பண்ணிடறேன்,” என்கிறாள் அம்சவள்ளி.

“போன வாரமும் இதான்டி சொன்ன,” என்று இலக்கியா பல்லைக் கடிக்கிறாள்.

“நமக்கு வர்றதுல பாதி அந்த டூலுக்கே போயிடும்டி!”

லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்துகிறான். அம்சவள்ளி சீட்டை வாங்குகிறாள். தனகோடி என்ற பெயரில் ‘கோ’வின் கொம்பும் காலும் இடம் பிசகாமல் நிற்கின்றன. அவள் விரல் அதன்மேல் மெல்ல ஓடுகிறது.

“எனக்கு இந்தக் ‘கோ’ வரவே இல்லடி,” என்கிறாள், தலை நிமிராமல். “வாங்கிடலாம்.”