கார்டில் பெயர் இல்லாதவர்கள்

காசநோய்க்காரர்களுக்கு அரசாங்கம் கொடுத்திருந்த பேசும் மின்தட்டு ஒவ்வொரு கவளத்தையும் எண்ணும்; தின்பவரின் எடையையும் கணக்கு வைக்கும். செங்கல் சூளையில் மண் பிசையும் பொன்னுரங்கம் நாலு மாதமாக முட்டையும் கடலை உருண்டையும் துளி மிச்சம் வைக்காமல் தின்று, மாத்திரையும் தவறாமல் விழுங்கி, மூன்று கிலோ இளைத்திருந்தான். தட்டு இதை மோசடி என்று முடிவுகட்டி, சுகாதார ஆய்வாளர் அற்புதராஜை வீட்டுக்கு அனுப்பியது.

"முட்டைய யாருக்குய்யா குடுக்குற?"

"நான்தான் சார் திங்கறேன்."

"தட்டு பொய் சொல்லாது."

பொன்னுரங்கத்தின் மனைவி தெய்வானை குறுக்கே வந்தாள். "அவரு வயித்துல பூச்சி இருக்கு சார். கொல்லைக்குப் போனா நெளிஞ்சுகிட்டு விழுவுது. திங்கறதெல்லாம் அதுங்களுக்குத்தான் போவுது."

ஆய்வாளர் அதை அப்படியே தட்டிடம் சொன்னார். தட்டு கனிவான பெண்குரலில் பதில் சொன்னது: "நோயாளி தன் உணவை ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவர்களோடு பகிர்ந்துகொள்கிறார். நாளை முதல் முட்டை நிறுத்தப்படும்."

"பூச்சி மாத்திரையாவது குடுங்க சார்."

"பையிலதாம்மா இருக்கு. ஆனா அது பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு வந்தது. பெரியவங்களுக்குப் பூச்சி வரும்னு எந்த ஆர்டர்லயும் இல்ல."

பொன்னுரங்கம் இருமி முடிக்கும்வரை தெய்வானை பொறுத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப அதுங்க பேரையும் கார்டுல சேத்துருங்க சார். முட்டையாவது வரட்டும்."

அற்புதராஜ் சிரிக்கவில்லை. கார்டில் பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "மொத்தம் எத்தனை பேரும்மா?" என்று கேட்டார்.