துப்பாக்கிக்குப் பிடித்த வேகம்

போட்டிக்கு முந்தின நாள் நெட்டைத் துப்பாக்கி ஒன்று தன் குண்டின் வேகத்தை அளந்துகொள்ள மைதானத்துக்கு வந்தது. அதன் வாய்க்கு முன்னே, குண்டு போகும் வழிக்குச் சற்றுக் கீழே வேகமானி உட்கார்ந்தது.

முதல் குண்டு பாய்ந்தது. "விநாடிக்கு எண்ணூற்றுப் பத்து மீட்டர்," என்றது வேகமானி.

"குழாய் இன்னும் சூடாகல. அதை விடு."

அடுத்தது எண்ணூற்றெட்டு.

"தோட்டாவுல மருந்து குறைச்சல்போல. அதையும் விடு."

மூன்றாவது எண்ணூற்று நாற்பது. துப்பாக்கிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆங், இதுதான் என் வேகம்."

"அண்ணே, இன்னும் கொஞ்சம் சுட்டுப் பார்த்துடுவோமே. ஒண்ணை வச்சு எப்படிச் சொல்றது?" என்றது வேகமானி.

"தெரிஞ்சுபோச்சு. இனி எதுக்குத் தோட்டாவை வீணாக்கணும்?"

வேகமான குண்டு வழியில் அதிகம் தாழாது. அந்த நம்பிக்கையில் துப்பாக்கி குறியை இறக்கி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது.

மறுநாள் போட்டியில் அது சுட்ட குண்டெல்லாம், தொலைவில் நின்ற இலக்குப் பலகைக்குக் கீழே மண்ணைத்தான் கிளப்பின. பக்கத்துத் துப்பாக்கிகள் பார்க்காத மாதிரி இருந்தன. நெட்டைத் துப்பாக்கிக்குப் பொறுக்கவில்லை.

"பலகையண்ணே, உங்களை யாரோ உயரமா நட்டுட்டாங்க," என்று கத்தியது. "என் குண்டு எண்ணூற்று நாற்பதுல வர்றது, தெரியுமில்ல?"

பலகை நிதானமாகத் தன் காலடியைப் பார்த்தது.

"அப்படியா தம்பி? அவரு இன்னும் வரலையே. வந்தவங்க எல்லாம் இங்கே கீழேதான் கிடக்கறாங்க."