இசக்கியம்மாளின் அணுக்கள்

தமயந்தியின் உடம்பெல்லாம் தோல் உரிந்து எரிந்தது. வைரஸ் மூட்டிவிட்ட ரத்தப் புற்றை விரட்டுகிற வெறியில், நாத்தனார் இசக்கியம்மாள் தந்த ஸ்டெம் செல்லில் பிறந்த அணுக்கள் அவள் தோலையும் விட்டுவைக்கவில்லை. கட்டியது சொந்த மாமன் மகனை என்பதால் நாத்தனாரின் ரத்தம் பொருந்திவிட்டது. வாய் மட்டும் ஒருநாளும் பொருந்தியதில்லை.

டாக்டர் அவள் மணிக்கட்டுப் பட்டையில் அணுக்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொட்டார். "இதக் கொறச்சா அணுக்களோட வேகம் அடங்கிரும்மா. எரிச்சல் நிக்கும். ஆனா, மிச்சமிருக்க வைரஸ் திரும்பத் தலைதூக்கலாம்."

"கொறச்சிரச் சொல்லுங்க மைனி, பாக்கச் சகிக்கல," என்று இசக்கியம்மாள் அழுதாள்.

தமயந்தி டாக்டரின் கையை விலக்கி, திருகைக் கடைசிவரை கூட்டினாள்.

"ஏட்டி, தாலி கட்டி வந்த நாள்லேருந்து ஒன் சண்டையத் தாங்குதேன். இப்பதான் மொதத் தடவையா எனக்காகச் சண்ட போடுத. பாதியில ஓடப் பாக்கியா?"