பச்சை விளக்கு

தீப்பெட்டி அளவுகூட இல்லை அந்தக் கருவி. போகிற இடத்தையெல்லாம் யாருக்கோ கோள் சொல்லும் ரகம். வியாழக்கிழமை பேருந்தில் வரும்போது அவன் தோள்பையின் அடியில் அகப்பட்டது. அங்கேயே பேட்டரியைப் பிடுங்கிவிட்டான்.

ஞாயிறு காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். பகலில் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை, மாலையில் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு. எதையும் நோட்டில் எழுதி, இரண்டு தரம் சரிபார்க்காமல் செய்யமாட்டான்.

'மூடியைக் கழற்று. மெமரி சிப்பைத் தேடு. கம்பிகளைப் பற்றவை.'

"உள்ள என்ன பண்றீங்க?" வெளியே மனைவி.

"ஹோம்வொர்க்!"

"வகுப்பு விடுறது எட்டு மணிக்கு. வீட்டுக்கு வர்றது பத்து மணிக்கு. நடுவுல யாரு பாடம் நடத்துறா?"

அவனுக்குப் பகீரென்றது. இவள்தான் வைத்திருப்பாளோ? இவள் அண்ணன் வேறு செல்போன் கடை வைத்திருக்கிறான். விஷயம் தெரிந்துவிட்டால் குடும்பமே போச்சு.

சிப்பைப் படிக்க வேண்டுமானால் கருவிக்கு மின்சாரம் வேண்டும். கொடுத்தான். குட்டி விளக்கு கண்சிமிட்டியது.

'பச்சை விளக்கு. நல்ல அறிகுறி' என்று நோட்டில் எழுதினான்.

ஒரு தடவை படித்ததில் நம்பிக்கை வரவில்லை. மறுபடி படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டான். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. கடைசியில், கணினித் திரையில் புரியாத எழுத்துகளுக்கு நடுவே ஒரு செல்போன் எண் வந்தது. கோள் போய்ச் சேரும் இடம்!

மனைவியின் எண் இல்லை. மச்சானுடையதும் இல்லை.

அப்பாடா! பாவம், அவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே. கதவைத் திறந்தான்.

"சினிமாவுக்குப் போலாமா?"

"என்ன திடீர்னு? மழை கொட்டப்போகுது" என்றாள். ஆனாலும் சிரித்தாள்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் கிடங்கு மேனேஜர். பின்னால் ஒரு போலீஸ்காரர்.

"எட்டு மணிக்கு மேல இவருக்குப் பாடம் நடத்துறது நீங்கதானா சார்?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லம்மா. எட்டு மணிக்கு மேல எங்க கிடங்குல யாருமே இருக்க மாட்டோம்" என்றார் மேனேஜர். "அதான் செல்போன் பெட்டிகளுக்கு நடுவுல ஒரு கருவிய ஒளிச்சு வச்சேன். மூணு நாளாச் செத்துக் கிடந்துச்சு. இன்னைக்குக் காலைலதான் யாரோ புண்ணியவான் உயிர் கொடுத்திருக்கார்."

பரணிலிருந்து பதினாறாவது புதுச் செல்போனைப் போலீஸ்காரர் இறக்கி வைத்தபோதும், மேசையில் பச்சை விளக்கு விடாமல் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.