உதட்டோரக் கோடு

"இந்தக் கோடு புதுசு சித்தி. போன தடவை வந்தப்ப இல்ல."

சித்தியின் உதட்டோரத்தில் விரலை வைத்துச் சொன்னாள் அக்கா மகள். எல்லோருக்கும் அவள் பாப்பா. பாப்பாவுக்கே தலையில் நரை எட்டிப் பார்த்துவிட்டது; பெயர் மட்டும் இன்னும் வளரவில்லை.

சித்தி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? என் மூஞ்சி என்ன நோட்டீஸ் போர்டா, வர்றப்பெல்லாம் நின்னு வாசிக்க?"

"கண்ணுக்குக் கீழேயும் லேசாத் தொங்குது" என்று சிரித்தாள் பாப்பா.

எப்போது வந்தாலும் இதே வேலை. ஜன்னலோர நாற்காலியில் சித்தியை உட்காரவைத்து, மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, புதிதாக என்ன விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் டீயையே தொடுவாள். சித்திக்கு ஒவ்வொரு சொல்லும் ஊசியாய் இறங்கும்.

கடையிலாவது நிம்மதி உண்டா? மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களுக்கு ஃபிரேம் மாட்டிக் காட்டுகிற வேலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலைக்கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கிழவி அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள். போதாததற்கு, "நின்னுட்டே இருந்தா உங்களுக்குக் கால் வலிக்கும்மா, உள்ளே உக்காந்து லென்ஸைத் துடைச்சு அடுக்குங்க" என்று முதலாளி ரொம்பக் கரிசனமாக அவளைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார். கால் வலிக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"நான் ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்" என்றாள் சித்தி.

டம்ளரை எடுத்த பாப்பா அதைக் கீழே வைத்தாள். "என்ன சித்தி, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல, முகத்துக்குத்தான். தொங்குற தோலை இழுத்துக் காதோரமாத் தைச்சிடுவாங்க. டாக்டரைப் பாத்துட்டேன். சின்ன வயசுப் படம் கேட்டார். நான் எங்கே படம் எடுத்துக்கிட்டேன்? அதோ, அதைத்தான் கொண்டுபோய்க் காட்டினேன். ரெண்டு பேருக்கும் ஒரே முகம்தானே."

சுவரில் அக்கா இருந்தாள். இரட்டைப் பிள்ளைகளில் முந்திப் பிறந்தவள், போவதிலும் முந்திக்கொண்டாள். அப்போது பாப்பாவுக்குப் பால் பல் விழுகிற வயசு. படத்திலிருக்கும் அந்த முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, இனி விழப்போவதும் இல்லை. சில நாள் சித்திக்கு அந்தப் படத்தின்மேல் பொறாமையாகக்கூட இருக்கும்.

"வேண்டாம் சித்தி."

"ஏன் வேண்டாம்?"

"இந்த முகத்துக்கு என்ன குறை?"

"இத்தனை நாளா குறை சொன்னவளே நீதானேடி!"

"குறையா? ஐயோ சித்தி, நான் வந்து..."

சித்தி முடிக்கவிடவில்லை. வருஷக்கணக்காய்ச் சேர்த்துவைத்தது கொட்டிவிட்டது.

"எல்லாம் தெரியும்டி. நாளைக்கு நாம சேர்ந்து தெருவுல நடந்தா, யாரு அக்கா யாரு தங்கச்சின்னு கேட்டுடுவாங்களோன்னு உனக்கு வயித்தெரிச்சல். நான் கிழவியா இருந்தாத்தான் உன் குமரி வேஷம் நிலைக்கும்!"

பாப்பா கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"உங்க முகம் சித்தி. நான் யாரு சொல்றதுக்கு" என்று டீயைக் குடிக்காமலே எழுந்துபோனாள்.

ஆஸ்பத்திரிக்குச் சித்தி தனியாகத்தான் போனாள். வீக்கம் வடிய வாரக்கணக்கானது. வடிந்தபின் பார்த்தால், பொய் சொல்லக் கூடாது, டாக்டர் கைராசிக்காரர். படம் அப்படியே எழுந்து வந்துவிடவில்லை. ஆனாலும் சாயல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி இரண்டு தடவை பார்த்துத்தான் அடையாளம் கண்டாள். முதலாளிக்கு அவளுடைய கால் வலி மறந்தே போயிற்று. முன்கவுன்ட்டர் மறுபடி அவளுக்கே.

பாப்பா மட்டும் வரவில்லை. போன் செய்தால், "வேலை சித்தி."

வயித்தெரிச்சல் என்று சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் சித்தி. நினைத்தாளே ஒழிய, ஜன்னலோர நாற்காலியில் உட்கார மனசு வரவில்லை.

ஒரு மாலை கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு பாப்பாவே வந்து நின்றாள்.

"எழுத்து மங்குது சித்தி. வெள்ளெழுத்தாம்."

"வா, உக்காரு."

பொருத்தமான ஃபிரேம் ஒன்றை எடுத்து அவள் மூக்கில் மாட்டினாள் சித்தி. காதுக்குப் பின்னால் சரிசெய்தாள். மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பாப்பாவின் கண்ணோரத்தில் மெல்லியதாய் இரண்டு கோடு. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

பாப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் அவள் விரல் சித்தியின் உதட்டோரத்துக்குப் போயிற்று. அங்கே எதையோ தேடியது. வழவழவென்றிருந்த தோலைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"என்னடி, சொல்றதுக்குக் குறை ஒண்ணும் கிடைக்கலையா?" சித்தி சிரித்தாள். இழுத்துத் தைத்த முகத்தில் சிரிப்பு முழுதாய் விரியவில்லை.

"இல்ல சித்தி. அழகா இருக்கீங்க. படத்துல அம்மா இருக்கிற மாதிரியே இருக்கீங்க."

"அப்புறம் ஏன்டி அழறே?"

பாப்பா ஃபிரேமைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"எங்கம்மா அந்தப் படத்தைத் தாண்டி வரவே இல்ல சித்தி. இப்ப அவங்க என்னைவிடச் சின்னவங்க. இருந்திருந்தா இப்ப எப்படி இருப்பாங்கன்னு, உங்க முகத்துலதானே ஒவ்வொரு கோடாப் பாத்துட்டு வந்தேன்."